பச்சை வந்தது உண்மை

வாருங்கள், உள்ளே வாருங்கள். செருப்பு அங்கேயே கிடக்கட்டும், இந்தத் தெருவில் யாரும் எடுக்கமாட்டார்கள். அந்த நாற்காலி வேண்டாம், பின்னங்கால் ஒன்று ஆடும். இதில் உட்காருங்கள். கோமதி, ராஜபாளையத்திலிருந்து சார் வந்திருக்கிறார், காப்பி போடு. உங்களுக்குச் சர்க்கரை போடலாம் அல்லவா? போடலாமா? இந்த வயதில் அது ஒரு கொடுப்பினை.

செண்பகவல்லியைப் பற்றி விசாரிக்க வந்திருக்கிறீர்கள். மாப்பிள்ளைக்கு நீங்கள் தாய்மாமன், பஸ் டிப்போவில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். மாப்பிள்ளை சிவகாசியில் ஒரு அச்சகத்தில் மெஷின் பொறுப்பு. போனில் சொன்னீர்கள், எல்லாம் நினைவிருக்கிறது. நீங்கள் செய்வதுதான் முறை. பெண் வீட்டில் கேட்டால் தங்கம் என்பார்கள். பக்கத்து வீட்டில் கேட்டால், அவர்களுக்குள் என்ன சண்டையோ, அதைப் பொறுத்துச் சொல்வார்கள். ஆராய்ச்சிக்கு வழிகாட்டிய கைடிடம் கேட்கவேண்டும். ஆறு வருடத்துக்கு மேல் என் ஆய்வுக்கூடத்தில் இருந்த பெண்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஆவுடையப்பன் யாரைப் பற்றியும் குறை சொல்கிறவன் இல்லை. அது என் சுபாவத்திலேயே கிடையாது. ஒரு பெண்ணின் வாழ்க்கை. நான் ஒரு வார்த்தை பிசகிச் சொன்னால் உங்கள் வீட்டில் அது எப்படிப் போய் விழும் என்று தெரியாதவனா நான்? பொறுமையான பெண்ணா, சொன்னால் கேட்பாளா, குடும்பத்தோடு அனுசரித்துப் போவாளா என்று போனில் கேட்டீர்கள். ஆம், இல்லை என்று பதில் சொல்லிவிடலாம். ஆனால் சொல்லமாட்டேன். நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே பாருங்கள்.

படிகம் என்றால் என்னவென்று தெரியுமா? கற்கண்டு பார்த்திருப்பீர்கள். அதுவும் படிகம்தான். நாங்கள் செய்ததும் ஏறக்குறைய அதே வேலை. ஒரு பொருளைத் தண்ணீரில் கரைத்துப் பீக்கரில் ஊற்றி, மேலே தாளைக் கட்டி, தாளில் ஊசியால் துளை போட்டு, அசையாமல் வைத்துவிடவேண்டும். தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும். அடியில் படிகம் வளரும். நம் பக்கத்தில் இயற்பியல் துறை இருக்கிற கல்லூரிகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் டாக்டர் பட்டம் வளர்கிறது. சிரிக்காதீர்கள், உண்மையைத்தான் சொல்கிறேன். பெரிய மெஷின் வேண்டாம். பீக்கர் வேண்டும், பொறுமை வேண்டும், யாரும் மேஜையை இடிக்காமல் இருக்கவேண்டும்.

எதற்கு வளர்க்கிறோம் என்றால், லேசருக்கு. சில படிகங்களுக்கு ஒரு விசேஷம் உண்டு. கண்ணுக்குத் தெரியாத ஒரு லேசர் ஒளியை உள்ளே விட்டால், மறுபக்கம் பச்சையாக வெளியே வரும். நிஜமாகவே பச்சை, வாழைக்குருத்து மாதிரி. உள்ளே போன ஒளி இரண்டிரண்டாகச் சேர்ந்து ஒன்றாகி, இரட்டிப்பு வேகத்தில் துடித்துக்கொண்டு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாப் படிகமும் இதைச் செய்யாது. கல் உப்பு செய்யாது. எது செய்யும், எது செய்யாது என்பது பொருளில் மட்டும் இல்லை. அந்தப் பொருளின் மூலக்கூறுகள் உள்ளே எப்படி நிற்கின்றன என்பதில் இருக்கிறது.

நீங்கள் டிப்போக்காரர், உங்களுக்கு ஒரு நொடியில் விளங்கும். பஸ் நின்றுபோய்விட்டது. தள்ள ஆட்கள் இறங்குகிறார்கள். பாதிப் பேர் பின்னால் நின்று முன்னே தள்ளுகிறார்கள், பாதிப் பேர் முன்னால் நின்று பின்னே தள்ளுகிறார்கள். வண்டி நகருமா? ஆட்கள் அதே ஆட்கள்தான், பலமும் அதே பலம்தான். எல்லாரும் ஒரே பக்கம் நின்றால் வண்டி நகரும். படிகமும் அப்படித்தான். உள்ளே ஒவ்வொரு மூலக்கூறுக்கும் நேர் எதிராக இன்னொன்று திரும்பி நின்றால், ஒன்று செய்கிற வேலையை மற்றது அழித்துவிடும். பச்சை வராது. எதிர்ஜோடி இல்லாமல் ஒரே முகமாக நின்றால் வரும். அவ்வளவுதான் என் முப்பது வருடப் படிப்பு. உங்களுக்கு ஒரு காப்பி வருவதற்குள் சொல்லிவிட்டேன்.

இதோ வந்துவிட்டது, எடுத்துக்கொள்ளுங்கள்.

செண்பகவல்லி என்னிடம் வந்தபோது ஒல்லியாக, பெரிய பையோடு வந்தாள். கோவில்பட்டி. அப்பா இல்லை. அம்மாவுக்குத் தீப்பெட்டி ஆபீஸில் வேலை. நான்தான் இடம் கொடுத்தேன். வேறு யாரும் கொடுக்கவில்லை என்று சொல்லமுடியாது, அவள் வேறு யாரிடமும் கேட்கவில்லை. இருந்தாலும் கொடுத்தது நான்.

அந்த ஐப்பசியில் ஒரு யோசனை எனக்கு வந்தது. கிளைசின் என்று ஒரு வெள்ளைப் பொடி, அமினோ அமிலம். அதோடு பொட்டாசியம் நைட்ரேட்டைச் சேர்த்தால் என்ன? உங்கள் சிவகாசிப் பக்கத்தில் வெடியுப்பு என்பார்களே, அதுதான். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து ஒரு புதுப் படிகம் வளராதா? அவளிடம் சொன்னேன். பீக்கர்களை வைத்தாள். வெளியே மழை, அறைக்குள் ஈரம், ஆவியாவது தாமதமாகிறது. மற்ற ஸ்காலர்கள் எல்லாம் மின்விசிறியைப் போட்டு அவசரப்படுத்துவார்கள். இவள் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தாள். தினமும் வந்து பீக்கரைத் தொடாமல் குனிந்து பார்த்துவிட்டுப் போவாள். பொறுமையா என்று கேட்டீர்களே, எனக்கென்னவோ அது பொறுமையாகப் படவில்லை, ஒருவிதப் பிடிவாதம்.

வளர்ந்தது. கண்ணாடி மாதிரி, விரல்நகம் அளவில். பெங்களூரில் ஒரு பெரிய நிறுவனத்தில் லேசர் இருக்கிறது. அங்கே பொடி செய்து கொடுத்தால் பார்த்துச் சொல்வார்கள். டிபன் பாக்ஸில் பஞ்சு வைத்து எடுத்துக்கொண்டு போனாள். நான் இங்கே மீன் கடையில் நெத்திலி வாங்கிக்கொண்டிருக்கிறேன், போன் வருகிறது. "சார், பச்சை வருது சார்." எனக்குக் கை ஓடவில்லை. மீன்காரம்மா "என்ன சார், பேரன் பொறந்திருக்கானா?" என்று கேட்டாள். அந்த அளவுக்கு என் முகம் இருந்திருக்கிறது.

கட்டுரையை நான்தான் எழுதினேன். வெளிவந்தது. கல்லூரி வாசலில் பிளெக்ஸ் வைத்தார்கள், 'புதிய படிகம் கண்ட பேராசிரியரே' என்று. என் படம் ஒரு பக்கம், இன்னொரு பக்கம் யாரோ இணையத்திலிருந்து எடுத்த வைரக்கல் படம். நிர்வாகச் செயலாளர் என்னைக் கூப்பிட்டு விட்டார். "சார், இதை மோதிரத்துல வைக்கலாமா?" என்றார். முடியாது, தண்ணீர் பட்டால் கரைந்துவிடும் என்றேன். "அப்ப எதுக்கு சார்?" லேசருக்கு என்றேன். "நம்மகிட்ட லேசர் இருக்கா?" இல்லை என்றேன். கட்டுரையை ஒருமுறை புரட்டிப் பார்த்தார். பிறகு, "பரவால்ல சார், பேரு வந்துச்சுல்ல" என்றார். பிரின்சிபால் இடம் அந்த வருடம் காலியாக இருந்தது. அவர் மனதில் நான்தான் என்று எல்லாரும் சொன்னார்கள்.

இந்தச் சமயத்தில்தான் அந்தப் பெண் ஆரம்பித்தாள்.

வெடியுப்பைக் குறைத்துப் போட்டால் படிகம் இன்னும் பெரிதாக, சுத்தமாக வரும் என்று இன்னொரு தொகுதி பீக்கர்கள் வைத்தாள். வந்தது. எலுமிச்சை அளவு. முதலில் வந்ததைவிட அழகு. பெங்களூருக்கு அனுப்பினோம். பச்சை வரவில்லை. துளிகூட இல்லை.

இப்படி நடப்பதுதான். ஆயிரம் காரணம் இருக்கும். பீக்கரைச் சரியாகக் கழுவினாயா என்று கேட்டேன். கழுவினேன் என்றாள். பல்லி விழுந்திருக்குமா என்று பார்க்கச் சொன்னேன். மழைக்கால ஈரம் என்றேன். மேஜையைக் கிழக்குச் சுவர்ப் பக்கம் மாற்றிப் போடச் சொன்னேன். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது, நான் விஞ்ஞானி. இருந்தாலும் மாற்றிப் போட்டால் என்ன நஷ்டம்? போட்டாள். சொன்னதைச் செய்தாள், அதை நான் மறைக்கமாட்டேன். செய்துவிட்டு, "சார், ஒரே பேர் உள்ள படிகம் ஒரு தடவை பச்சை கொடுக்குது, ஒரு தடவை கொடுக்கல. அப்ப ரெண்டும் ஒரே படிகம் இல்லையோ?" என்று கேட்டாள். செய்கிறவர்கள் செய்துவிட்டுப் போகவேண்டும் இல்லையா? கேள்வி எதற்கு?

பிறகு ஒருநாள் என் கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். எக்ஸ்ரே போட்டுப் படிகத்தின் உள்ளமைப்பை அளந்த அட்டவணைக்குக் கீழே ஒரு வாக்கியம் இருக்கும். 'இந்த அளவுகள் முன்னர் வெளியான அளவுகளோடு நன்கு ஒத்துப்போகின்றன.' எல்லாக் கட்டுரையிலும் அது இருக்கும். அந்த வாக்கியம் இல்லாமல் நான் ஒரு கட்டுரையும் எழுதியதில்லை, என் கைடும் எழுதியதில்லை. அவள் அதில் விரலை வைத்து, "சார், இது புதுப் படிகம்தானே?" என்றாள். "ஆமாம்" என்றேன். "இதுவரைக்கும் யாருமே வளர்க்காதது." "ஆமாம்." "அப்ப சார், முன்னாடி வெளியான எந்த அளவோட ஒத்துப்போகுது?"

நீங்களே சொல்லுங்கள். இது மரியாதையான கேள்வியா?

அந்த வாக்கியத்துக்கு மேற்கோளாக எண் போட்டுக் கொடுத்திருந்த பழைய கட்டுரையைத் தேடி எடுத்திருக்கிறாள். அது வெறும் கிளைசினைப் பற்றியது. கிளைசினில் ஒன்றுக்கு மேற்பட்ட வகை உண்டு. ஒன்றில் மூலக்கூறுகள் எதிரெதிராக நிற்கும், பச்சை வராது. இன்னொன்றில் திருகுப் படி மாதிரி ஒரே போக்கில் அடுக்கி நிற்கும், பச்சை வரும். பொருள் அதேதான், நிற்கிற விதம்தான் வேறு. இது இரண்டும் உலகத்துக்கே தெரிந்தவை. என் அட்டவணை அந்த இரண்டாவது வகையோடு கச்சிதமாக ஒத்துப்போகிறது என்கிறாள். நான் சந்தோஷப்பட்டேன். "ஒத்துப்போனால் நல்லதுதானே அம்மா, நம் அளவு சரியாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்?" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் நானும் இரண்டு வார்த்தை திட்டிவிட்டு விட்டிருப்பேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். வேதியியல் துறைக்குப் போனாள். அங்கே பிரின்ஸ் ஞானராஜ் என்று ஒருவர், அப்போது துறைத் தலைவர். அவரிடம் அனுமதி கேட்டு, பிளஸ் டூ பிள்ளைகள் செய்முறைத் தேர்வில் செய்கிற சோதனையைச் செய்திருக்கிறாள். பழுப்பு வளையச் சோதனை என்று பெயர். டெஸ்ட் டியூபில் கரைசலை எடுத்து, இரும்பு உப்பு சேர்த்து, ஓரமாக அமிலத்தைச் சரித்து விட்டால், நைட்ரேட் இருந்தால் நடுவில் பழுப்பாக ஒரு வளையம் நிற்கும். படிகத்தைக் கழுவிக் கரைத்துப் பார்த்தால் வளையம் இல்லை. பீக்கரில் மிஞ்சிய தண்ணீரை எடுத்துப் பார்த்தால் வளையம் தடிமனாக நிற்கிறது. வந்து சொன்னாள். "உப்பு பூராவும் தண்ணிலயே நிக்குது சார். படிகத்துக்குள்ள போகவே இல்ல."

உங்கள் பாஷையில் சொன்னால், பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் விசில் ஊதி, வரிசையைச் சரி செய்து எல்லாரையும் ஏற்றிவிடுவார். அவர் ஏறமாட்டார். வெடியுப்பு அப்படி வெளியே நின்று கிளைசினை வேறு வரிசையில் நிற்க வைத்திருக்கிறது, அவ்வளவுதான் என்கிறாள். உப்பைக் குறைத்தபோது விசில் ஊத ஆள் போதவில்லை, கிளைசின் பழையபடி எதிரெதிராகப் போய் நின்றுகொண்டது. ஆகவே புதுப் படிகம் என்று ஒன்று கிடையாதாம்.

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "பச்சை வந்ததா, இல்லையா?"

"வந்துச்சு சார்."

"நீ கண்ணால் பார்த்தாயா, இல்லையா?"

"பார்த்தேன் சார். அது கிளைசின்ல இருந்து வந்த பச்சை சார். ஏற்கெனவே எல்லாருக்கும் தெரிஞ்ச பச்சை."

பாருங்கள், ஒப்புக்கொள்கிறாள். பச்சை வந்தது உண்மை. பிறகு என்ன வழக்கு? அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன், பச்சை வந்தது உண்மை.

அடுத்த நாள் பிரின்ஸ் ஞானராஜ் கேன்டீனில் எல்லார் முன்னாலும், "என்ன வே ஆவுடை, பஸ்ல டைம் கீப்பருக்கும் சேர்த்து டிக்கெட் போட்டுட்டீராமே" என்றார். அந்த உவமை அவருடையது, மேலே நான் சொன்னேனே, அதுதான். நல்ல உவமை. அதனால் எனக்கு ஒன்றும் வருத்தம் இல்லை.

அவளைத் தனியாகக் கூப்பிட்டு, ஒரு தகப்பன் மாதிரி எடுத்துச் சொன்னேன். "செண்பகம், உன் தீசிஸில் பாதிக்கு மேல் இந்தப் படிகம்தான். இதை எடுத்துவிட்டால் உனக்கு என்ன மிஞ்சும்? தேர்வாளர்கள் நமக்கு வேண்டியவர்கள். வைவா முடியட்டும். எனக்கும் பிரின்சிபால் விஷயம் முடியட்டும். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்." யார் இவ்வளவு பக்குவமாகச் சொல்வார்கள்? அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, "நாளைக்கு யாராவது இதைப் புதுப் பொருள்னு நம்பி வாங்கி வேலை பார்ப்பாங்கல்ல சார்?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "யார் வாங்கப் போகிறார்கள்? நாம் வளர்க்கிற படிகத்தை இதுவரை யாரும் எதற்கும் வாங்கியது கிடையாது அம்மா" என்றேன். உண்மையைத்தானே சொன்னேன்? அவள், "அப்ப எதுக்கு சார் வளர்க்கறோம்?" என்றாள்.

குறித்துக்கொள்ளுங்கள். நாளைக்கு உங்கள் வீட்டில் ஒரு விசேஷம், ஒரு சடங்கு, மாப்பிள்ளையின் அம்மா இப்படிச் செய் என்று சொல்கிறார்கள். இவள் 'எதுக்கு?' என்று கேட்பாள். சத்தமாகக் கேட்கமாட்டாள். மெதுவாக, மரியாதையாக, பதில் வரும்வரை நின்றுகொண்டு கேட்பாள். சத்தம் போடுகிறவர்களைச் சமாளித்துவிடலாம் சார்.

ஒருநாள் சாயங்காலம் இங்கே வந்தாள். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம் என்று பத்திரிகைக்கு ஒரு கடிதம் தயார் செய்து கொண்டுவந்திருந்தாள், நான் கையெழுத்துப் போட்டால்தான் அனுப்பமுடியும். நான் வெளியே போயிருந்தேன். அதாவது அவள் வருவது தெரிந்துதான் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் இந்தக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். என்ன கோமதி? ... நீங்களும் கேட்டீர்களா? உள்ளேயிருந்து சொல்கிறாள், "சும்மா உட்காரல, எனக்கு அரைமூட்டை வெங்காயம் உரிச்சுக் கொடுத்தா" என்று. ஊறுகாய்க்குச் சின்ன வெங்காயம் வாங்கிப் போட்டிருந்தோம். உரித்திருக்கிறாள், யார் இல்லையென்றது? இவளுக்கு அந்தப் பெண்ணை ஆரம்பத்திலிருந்தே பிடிக்கும். பெண்களுக்குப் பெண்கள்.

நான் கையெழுத்துப் போடவில்லை. "யோசிக்கவேண்டும்" என்றேன். யோசிக்கவும் செய்தேன். நான் எதையும் என்னிடமிருந்தே ஆரம்பித்து யோசிப்பவன். என்னில் என்ன குறை? எங்கே தவறினேன்? இதைப் பல நாள் கேட்டுக்கொண்டிருந்தேன். இந்த வயதில் ஒரு மனிதன் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளவில்லை என்றால் அப்புறம் எப்போது கேட்பது? கடைசியில் ஒரு விடை கிடைத்தது. அதிகமாக இடம் கொடுத்துவிட்டேன். என் குறை அதுதான். மற்ற கைடுகள் மாதிரி ஸ்காலரைக் கடைக்கு அனுப்பி, பேங்குக்கு அனுப்பி, வீட்டு வேலை வாங்கியிருந்தால், அட்டவணையை எல்லாம் படித்துக்கொண்டிருக்க அவளுக்கு நேரம் இருந்திருக்காது.

அவள் காத்திருந்தாள். என்னைத் தாண்டிப் பத்திரிகைக்கு எழுதியிருக்கலாம், எழுதவில்லை. செயலாளரிடம் போயிருக்கலாம், போகவில்லை. மற்ற ஸ்காலர்களிடம்கூட ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் நான் மறுத்துப் பேசியிருப்பேன். பேசாமல் இருந்ததால் எனக்கு மறுக்க ஒன்றும் கிடைக்கவில்லை. இது ஒருவகை அழுத்தம் சார். வெளியே தெரியாது. அந்த அத்தியாயங்களைத் தீசிஸிலிருந்து எடுத்துவிட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தாள். உதவித்தொகை காலம் முடிந்துவிட்டது. காலையில் டியூஷன் சென்டரில் பாடம், பகலில் ஆய்வுக்கூடம். இன்னும் சில வருடம் போயிற்று. வீணாகப் போயிற்று என்பேன் நான். வயதும் ஏறியது. போனில் நீங்கள், "பொண்ணுக்கு முப்பதைத் தாண்டிருச்சே, ஏன்?" என்று கேட்டீர்களே, காரணம் இதுதான். வேறு எதையும் மனதில் நினைக்காதீர்கள். அவளாகத் தேடிக்கொண்டது.

இதற்கு நடுவில், அந்த முதல் வருடமே நான் கையெழுத்துப் போட்டேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. நான் போடாவிட்டாலும் பத்திரிகைக்காரர்களே விசாரித்து எடுத்துவிடுவார்கள் என்று பிரின்ஸ் ஞானராஜ் சொன்னார்தான். ஆனால் அதற்காகப் போடவில்லை. பெருந்தன்மையாகப் போட்டேன். பிரின்சிபாலாக அந்த ஞானராஜைப் போட்டார்கள். பிளெக்ஸை நானே வாட்ச்மேனிடம் சொல்லி எடுக்கச் சொன்னேன். அவன் அதை அவன் வீட்டு ஆட்டுக்கொட்டகைக்கு மேலே போட்டிருக்கிறான். போகிற வழியில்தான். இப்போதும் நான் ஆடுகளுக்கு மேலே வைரத்தோடு சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

அவளுடைய வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு, நடந்தது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர், "இந்தப் படிகம் முதலில் புதிது என்று கருதப்பட்டது எப்படி?" என்று கேட்டார். நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. "நாங்க தப்பா நினைச்சிட்டோம் சார். உப்பு உள்ள இருக்கான்னு முதல்லயே நான் பார்த்திருக்கணும்" என்றாள். நாங்க என்றாள். பிறகு நான் என்றாள். பழியைப் பங்கு போட்டுக்கொள்வதில்கூட என்னை முழுதாக நிற்கவிடவில்லை, பாருங்கள். அவள் என்மேல் போட்டிருந்தால் நான் எழுந்து இரண்டு வார்த்தை பேசியிருக்கலாம். பேச இடமில்லாமல் செய்துவிட்டாள். கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

இவ்வளவுதான் நடந்தது. நான் எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. இப்போது விருதுநகர் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரியில் வேலை. அங்கேயும் பீக்கர் வைத்திருக்கிறாளாம்.

நீங்கள் கேட்டதற்கு இப்போது பதில் சொல்லலாம். சொன்னால் கேட்பாளா? கேட்பாள், ஆனால் சரியென்று படவேண்டும். அனுசரித்துப் போவாளா? எல்லாவற்றுக்கும் போவாள், ஒரு விஷயம் பொய்யென்று தெரிந்துவிட்டால் அதற்கு மட்டும் போகமாட்டாள். குடும்பம் என்றால் ஆயிரம் இருக்கும். வந்தவர்களிடம் ஒன்று சொல்வோம், உள்ளே ஒன்று இருக்கும். அதையெல்லாம் யோசித்துக்கொள்ளுங்கள். போன வருடம் அருப்புக்கோட்டையிலிருந்து ஒருவர் வந்தார், வக்கீல். நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில்தான் உட்கார்ந்தார். இதே விஷயத்தைத்தான் சொன்னேன், ஒரு வார்த்தை மாற்றாமல். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார், "ரொம்ப உபகாரம் சார்" என்றார். அதோடு சரி. அதற்கு முன் சாத்தூரிலிருந்து ஒரு தம்பதி. அவர்களும் அப்படியே. அந்தப் பெண்ணுக்கு ஏனோ ஒன்றும் அமையமாட்டேன் என்கிறது. எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. நான் ஒரு குறையும் சொன்னதில்லை, நீங்கள்தான் கேட்டீர்களே.

எழுந்துவிட்டீர்கள். இருங்கள், பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறது. என்ன சொன்னீர்கள்?

புதன்கிழமையா?

பூ வைக்கப் போகிறீர்களா? இவ்வளவும் கேட்ட பிறகா?

இல்லை, சந்தோஷம்தான். சந்தோஷம் இல்லாமல் என்ன? கோமதி, புதன்கிழமை செண்பகத்துக்குப் பூ வைக்கிறார்களாம். நீ என்ன, முன்னாலேயே தெரிந்த மாதிரி தலையாட்டுகிறாய்? ... சார், நான் சொன்னதை நீங்கள் சரியாகக் கேட்டீர்களா என்று எனக்கு ஒரு சந்தேகம். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் நீங்கள். பின்னால் ஒன்று என்றால், ஆவுடையப்பன் சார் சொல்லவில்லையே என்று வரக்கூடாது.

யார்? யார் அனுப்பியது?

அவளா?

அவளே என் விலாசத்தைக் கொடுத்தாளா? தரகர் கொடுத்தார் என்றல்லவா நினைத்தேன். என்னைப் பற்றி விசாரிக்கணும்னா எங்க கைடு சார்கிட்டப் போய் விசாரிங்க என்று அவளே சொன்னாளா? கேட்டாயா கோமதி? பிரின்ஸ் ஞானராஜிடம் அனுப்பியிருக்கலாம், அவர் வானளாவப் புகழ்ந்திருப்பார். என்னிடம் அனுப்பியிருக்கிறாள். உள்ளுக்குள் அந்த மரியாதை இருக்கத்தானே செய்கிறது. நான்தான் தவறாக நினைத்துவிட்டேன் போலிருக்கிறது.

வேறு என்ன சொன்னாள்? பரவாயில்லை, சொல்லுங்கள். அப்படியே சொல்லுங்கள், அவள் சொன்ன மாதிரியே.

"சார் எடுத்த அளவு எதுவுமே தப்பா இருந்ததில்ல. நடந்ததை ஒண்ணு விடாம அப்படியே சொல்லிடுவார். அதுக்கு அவர் சொல்ற அர்த்தத்தை மட்டும் விட்டுட்டுக் கேளுங்க."

...

முதல் பாதி சரி. அளவில் நான் தவறியதில்லை. என் அட்டவணையில் ஒரு எண்ணைக்கூட இதுவரை யாரும் குறை சொன்னது கிடையாது. திரும்பப் பெற்றபோதுகூட எண்களெல்லாம் சரி என்றுதான் போட்டார்கள்.

இரண்டாவது பாதி.

அருப்புக்கோட்டை வக்கீலிடமும் இதைச் சொல்லித்தான் அனுப்பினாளா? சாத்தூர்க்காரர்களிடமும்? எல்லாரிடமும் சொல்லித்தான் அனுப்புகிறாளா? அப்படியானால் அவர்கள் திரும்பிப் போனது... அவர்கள் என் அர்த்தத்தை எடுத்துக்கொண்டு போனார்களா? போகட்டும் என்றுதான் விட்டாளா? நீங்கள் எடுத்துக்கொள்ளவில்லை. நீங்கள் மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை.

அவள் என்னை எதற்கு வைத்திருக்கிறாள் சார், வருகிறவர்களைச் சோதித்துப் பார்க்கவா?

இல்லை, செருப்பை மாட்டாதீர்கள், ஒரு நிமிடம். அடுத்த பஸ் இருக்கிறது, உங்களுக்கே தெரியும். உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், இதில் உட்காருங்கள். இவ்வளவு நேரம் நான் பேசினேன், நீங்கள் கேட்டீர்கள். நான் சொன்ன அர்த்தத்தை எல்லாம் எடுத்துவிட்டால், மீதி என்ன கேட்டீர்கள்? அதை எனக்கு ஒரு தடவை, முதலிலிருந்து சொல்லிவிட்டுப் போங்கள்.